பத்தாவது பிள்ளை

2008 மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் என்னுடைய பழைய தமிழ் டீச்சர் எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். கையில் குடை, தோளில் துணிப்பை, பைக்குள் ஒரு நீள நோட்டு. அம்மா சாயை போட்டுக் கொடுத்தாள். அதைக் குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றியும் மரச்சீனி விலையைப் பற்றியும் பேசிய டீச்சர், கிளாசைக் கீழே வைத்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

"ஒண்ணாம் கிளாஸ் தமிழுக்கு எட்டுப் பிள்ளைகள் ஆயாச்சு மக்களே. பத்து வேணும். உனக்க மகளுக்கு அஞ்சு வயசு முடிஞ்சில்லா?"

எங்கள் ஊரில் ஒற்றை ஆளைக்கூடப் பாசத்தோடு 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயதில், இரண்டு பேங்க் கடன்களோடு இருந்த நான் அந்த ஒரு வார்த்தையில் மறுபடியும் எட்டாம் வகுப்புப் பையனாகிவிட்டேன். "யோசிச்சுச் சொல்லுதேன் டீச்சர்" என்றேன். அவர் என் மகளின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அதற்கு மேல் வரியில் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரின் மகன் பெயர் இருந்தது. அதற்கும் கேள்விக்குறிதான்.

சென்னையிலோ மும்பையிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே பஸ் ஏறினால் இருபது கிலோமீட்டரில் நெய்யாற்றின்கரை. பிறகு அமரவிளைப் பாலம், உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை. அடுத்தது களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. அதே தென்னை, அதே வாழை, அதே செம்மண். கடைப் பலகைகளில் எழுத்து மாறுவதை வைத்துத்தான் மாநிலம் மாறியதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சு அப்படிச் சட்டென்று மாறுவதில்லை. களியக்காவிளைச் சந்தையில் ஒரே மீன்காரியிடம் ஒருவர் மலையாளத்தில் விலை கேட்பார், அடுத்தவர் தமிழில் பேரம் பேசுவார், அவள் இரண்டுக்கும் நடுவில் ஒரு பாஷையில் பதில் சொல்வாள். நாங்கள் வீட்டில் பேசும் தமிழில் மலையாளம் கலந்திருக்கும். தண்ணீரை 'வெள்ளம்' என்போம். முதல்முறை சென்னைக்குப் போனபோது ஒரு ஓட்டலில் குடிக்க வெள்ளம் கேட்டு, சர்வர் என்னை மேலும் கீழும் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நாங்கள் எங்கிருந்தும் இங்கே குடியேறியவர்கள் அல்ல. திருவிதாங்கூர் ஒரே ராஜ்யமாக இருந்தபோது என் பாட்டாவும் அவருடைய தம்பியும் ஒரே தோட்டத்தின் இரண்டு முனைகளில் வீடு கட்டினார்கள். தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியபோது நேசமணியின் பேச்சைக் கேட்க இருவரும் ஒன்றாக நடந்து போயிருக்கிறார்கள். 1954 ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த வருடம் மாநிலச் சீரமைப்புக் கமிஷன் அறிக்கை வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-ல் சென்னை மாநிலத்துக்குப் போயின. போராட்டக்காரர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. சின்னப் பாட்டா தமிழ்நாட்டுக்காரர் ஆனார். எங்கள் பாட்டா மலையாளத்தில் எழுதிய ரேஷன் கார்டு வாங்கினார்.

அதனால் நவம்பர் 1 எங்கள் குடும்பத்தில் ஒரு விசித்திரமான நாள். எங்கள் பள்ளியில் அன்று கேரளப் பிறவி விழா. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மலையாளத்தில் பாடுவோம். அந்தப் பக்கம், தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள் என்று குமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அப்படி விடுமுறை கிடைக்கிற வருடங்களில் சின்னப் பாட்டாவின் பேரன் எங்கள் பள்ளி மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான்.

அந்தப் பள்ளி ஒன்று முதல் பத்துவரை உள்ள அரசு உயர்நிலைப்பள்ளி. பெயர் வேண்டாம். நான் 1981-ல் எட்டாம் வகுப்புக்குப் போனபோது ஏ முதல் டி வரை நான்கு மலையாள டிவிஷன்கள், கடைசியாக எங்கள் தமிழ் டிவிஷன். முப்பத்தொரு பேர் இருந்தோம். மோசமான பள்ளி என்று யாரும் நினைக்க வேண்டாம். கட்டணம் கிடையாது, வாத்தியார்கள் தவறாமல் வருவார்கள், சின்ன வகுப்புகளில் கேர் நிறுவனம் கொடுத்த மஞ்சள் உப்புமாவைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு வந்த சிரமங்கள் வேறு மாதிரி.

மலையாளப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதமே பாடப் புத்தகம் வந்துவிடும். எங்களுக்கு ஓணப் பரீட்சை முடிந்தபிறகு வரும். அதுவரை முந்தைய வருடத்து அண்ணன்களின் கிழிந்த புத்தகம்தான். இரண்டு பேருக்கு ஒன்று. கணக்குக்கு வந்த சாருக்குச் சொந்த ஊர் கோட்டயம் பக்கம். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. எங்களைப் பார்த்து அவர் பயந்தாரா, அவரைப் பார்த்து நாங்கள் பயந்தோமா என்று சொல்வது கஷ்டம். அவர் மலையாளத்தில் எழுதிப்போடுவார், நாங்கள் அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வோம். மலையாளத்தில் வட்டத்துக்கு விருத்தம் என்று பெயர். ஆக, எங்கள் நோட்டில் எல்லாம் 'விருத்தத்தின் பரப்பளவு'தான். தமிழ் டீச்சர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "விருத்தம்னா செய்யுள் மக்களே, அதுக்குப் பரப்பளவு பாக்க ஒக்காது" என்று சிரித்தார். ஆரம் மட்டும் இரண்டு மொழியிலும் ஆரமாகவே இருந்து எங்களைக் காப்பாற்றியது.

அன்று மாலையே டீச்சர் அந்தக் கணக்கு சாரை உட்காரவைத்து வட்டம், விட்டம், நாற்கரம் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். சார் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, பார்த்துப் பார்த்துச் சொல்வார். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் அவர் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். எஸ்.எஸ்.எல்.சி.க்கு 600-க்கு 210 எடுத்தால் பாஸ். 1984-ல் எங்கள் டிவிஷனில் பாதிக்குமேல் பாஸ். சார் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு விஷயம் மட்டும் அப்போது எனக்கு உறுத்தலாக இருந்தது. சின்னப் பாட்டாவின் பேரன் பள்ளியில் தினமும் காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவார்கள். எங்களுக்கு அது கிடையாது. அவனிடமிருந்துதான் அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டேன். பிறகு டீச்சர் ஒருநாள் வகுப்பில் சொன்னார்: அந்த வரிகள் 1891-ல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தில் உள்ளவை. எழுதிய சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். "அவங்க பாடுறது நம்ம ஆள் எழுதின பாட்டு" என்றார் டீச்சர். அடுத்த விடுமுறையில் இதை அவனிடம் சொல்லிக் கொஞ்சநாள் தலை நிமிர்ந்து நடந்தேன்.

இப்படிப்பட்ட பள்ளிகளில் வருடத்தில் ஒருநாள் மற்ற எல்லா நாட்களையும்விட முக்கியம். அது தலையெண்ணும் நாள். ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் இருக்கும் பிள்ளைகளை வைத்துத்தான் இப்போது டிவிஷன் முடிவாகிறது. நான் படித்த காலத்தில் அதிகாரி நேரிலேயே வந்து எண்ணுவார். எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன் போகும், டிவிஷன் போனால் டீச்சர் போவார். ஒரு வருடம் அந்த நாளில், நான் அதுவரை பார்த்தே இராத நான்கு பையன்கள் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரவல் வந்தவர்கள். அதிகாரி போனதும் ஆளுக்கொரு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். இன்று ஆதார் எண்ணோடு கணக்கு எடுக்கிறார்கள். இரவல் தலைகளுக்கு இடமில்லை.

பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பிற்பாடு நானே தேடித் தெரிந்துகொண்டேன். மாநில எல்லைகள் மாறிய அதே 1956-ல் அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் வந்தது. அதில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க ஒவ்வொரு மாநிலமும் வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது. எத்தனை குழந்தைகளுக்கு என்ற கணக்கை மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு 1949-லேயே போட்டுவைத்திருந்தது: ஒரு வகுப்பில் பத்துப் பேர், அல்லது பள்ளி முழுவதிலும் நாற்பது பேர். எங்கள் பள்ளியின் தொடக்க வகுப்புகளில் நாற்பது எப்போதோ போய்விட்டது. கையில் மிஞ்சியது பத்து.

350ஏ தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. உயர்நிலைப்பள்ளி பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் நடைமுறை எளிது. ஒன்றாம் வகுப்பில் தமிழுக்கு வராத பிள்ளை எட்டாம் வகுப்பில் தமிழுக்கு வராது. உயர்நிலைப்பள்ளியில் தமிழை யாரும் உத்தரவு போட்டு மூட வேண்டியதில்லை. கீழே ஒரு வருடம் தலை குறைந்தால் ஏழு வருடம் கழித்து மேலே ஒரு பெஞ்ச் காலியாகும்.

டீச்சர் போனபின் அன்று இரவு நானும் மனைவியும் பேசினோம். அவளும் தமிழில் படித்தவள்தான். பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்த நான் ப்ரீ டிகிரியில் முதல் நாளே இங்கிலீஷில் விழுந்து எழுந்த கதை அவளுக்குத் தெரியும். தமிழில் படித்தோம் என்று தமிழ்நாட்டுப் பக்கம் தொழிற்கல்விக்குப் போனால் நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேட்பார்கள். நாங்கள் அங்கே வெளிமாநிலத்தார். இங்கே அரசு வேலைக்குப் போட்டி போட மலையாளம் வேண்டும், வெளியே போக இங்கிலீஷ் வேண்டும். "நம்ம தமிழ்ப் பற்றுக்கு அவளை ஏன் பணயம் வைக்கணும்?" என்று மனைவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் தமிழ் பேசுகிறோம், எழுத்தை நானே கற்றுக்கொடுத்துவிடுவேன் என்று சொன்னேன். அந்த வாக்கை மனதாரத்தான் கொடுத்தேன்.

காலையில் வாசலில் ஆட்டோக்காரர் நின்றிருந்தார். "அண்ணன் பிள்ளையை எங்க சேக்கீங்க? அண்ணன் சேக்குற இடத்துலதான் நானும் சேக்கணும்னு இருக்கேன். படிச்சவங்க நீங்க." நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் பெயரைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தப் பள்ளிக் கட்டணத்துக்காக அவர் ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டோ ஓட்டினார்.

அந்த ஜூனில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் தமிழ் போனது. சேர்ந்திருந்த எட்டில் பலரை மலையாள வகுப்பில் உட்காரவைத்தார்கள்.

இதில் கேரளத்தை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. 1956-ல் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுபோன மலையாளக் குடும்பங்கள் விளவங்கோட்டில் உண்டு, மலையாளப் பள்ளிகளும் உண்டு. தமிழைக் கட்டாயப் பாடமாக்கித் தமிழ்நாடு 2006-ல் சட்டம் கொண்டுவந்தபோது அவர்கள் கவலைப்பட்டார்கள். 2017-ல் கேரளம் மலையாளத்துக்கு அதே போன்ற சட்டம் கொண்டுவந்தபோது நாங்கள் கவலைப்பட்டோம். இரண்டு அரசுகளும் தங்கள் மொழி தேய்கிறது என்ற பயத்தில்தான் சட்டம் போட்டன. அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் எல்லையில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் அதே பயம் இன்னும் பலமாக இருக்கிறது என்பதைத் தலைநகரத்தில் இருப்பவர்கள் சுலபமாக மறந்துவிடுகிறார்கள். மலையாளத்தைப் படிக்க நாங்கள் யாரும் மறுத்ததில்லை. அது எங்களுக்கு அண்டை வீட்டு மொழிகூட அல்ல, எங்கள் வீட்டுத் திண்ணை மொழி. அதைப் படிப்பதோடு இதையும் படிக்க வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

என் மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க நான் நோட்டு வாங்கியது உண்மை. அ, ஆ, இ, ஈ என்று இரண்டு பக்கம் எழுதினாள். பிறகு பரீட்சை, டியூஷன், என் ஆபீஸ், ரயில் நேரம். அவள் நன்றாகப் படித்தாள், நல்ல காலேஜில் இடம் கிடைத்தது. எங்கள் முடிவு தப்பு என்று சொல்ல அவளுடைய மார்க் ஷீட்டில் எதுவும் இல்லை.

2022-ல் அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். பத்து நாள் வாய் திறந்து பேசக்கூடாது என்றார்கள். அம்மா அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். தெரிந்த எழுத்து தமிழ் மட்டும். ஒரு நோட்டும் பேனாவும் கையில் கொடுத்தோம். காலேஜ் விடுமுறையில் இருந்த மகள் பகலில் பாட்டிக்குத் துணையாக இருந்தாள். நான் திருவனந்தபுரத்தில் ஆபீசில் இருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் என் போனில் ஒரு படம் வந்திருந்தது. அம்மாவின் கோணலான கையெழுத்து. கீழே மகள் மலையாளத்தில் கேட்டிருந்தாள்: 'பாட்டி என்ன சொல்றாங்க அப்பா? திரும்பத் திரும்ப இதையே காட்டுறாங்க.' கணக்கு முடிக்கும் அவசரத்தில் நான் நாற்பது நிமிடம் போனைப் பார்க்கவில்லை. அம்மா எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'மூஞ்சியில வெயில் அடிக்குது. ஜன்னலைச் சாத்து.'

அந்த நாற்பது நிமிடத்தில் மகள் தண்ணீர் கொடுத்திருக்கிறாள், தலையணையை மாற்றியிருக்கிறாள், நர்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். நர்ஸுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஜன்னலைக் கையால் காட்டியிருக்கலாமே என்று பிறகு அம்மாவிடம் கேட்டேன். காட்டினாளாம். வெளியே யாரையோ தேடுகிறாள் என்று நினைத்து பேத்தி எட்டிப் பார்த்தாளாம். இதை எழுதிக் காட்டிவிட்டு அம்மா சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. மகள் சிரிக்கவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

சில மாதம் கழித்துக் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் டீச்சரைப் பார்த்தேன். ரிட்டையர் ஆகிப் பல வருடமாகிவிட்டது. அதே குடை மாதிரி ஒரு குடை. "உனக்க மகள் நல்லாப் படிக்காளா?" என்றுதான் முதலில் கேட்டார். ஜன்னல் கதையைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்பது போலத்தான் சொல்லியிருக்க வேண்டும். என் தோளைத் தட்டினார்.

"நீ அதை மனசுல வச்சுக்கிடாதே மக்களே. அந்த வருஷம் நீ சேத்திருந்தாலும் ஒன்பதுதான். ஒண்ணு குறையத்தான் செய்யும்."

பத்தாவது பிள்ளை யாருடைய வார்த்தைக்காக வாசலில் காத்து நின்றது என்பது அவருக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. முன்பக்கம் ஊர்ப் பெயர் மலையாளத்தில் எழுதியிருந்தது. கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். "எந்த பஸ் மக்களே?" என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன், ஏறிப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த ஆஸ்பத்திரி நோட்டு. அம்மாவுக்குக் குரல் திரும்பி வந்திருந்தது, கொஞ்சம் கரகரப்போடு. 'ஜன்னல்' என்ற வார்த்தையில் இரண்டு 'ன்' எங்கே வருகிறது என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு 'ன்'னும் ஒரு 'ன'வும் என்று நான் சொல்லவில்லை. அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று சட்டையைக் கழற்றி மாட்டினேன்.